பூஞ்சணம் ஊதும் போட்டி

தாராவி
9 ஆகஸ்ட் 2024, வெள்ளி

சஃபீனா ராத்தாவுக்கு, தம்பி நசீர் ஸலாம் சொல்லி எழுதுவது.

கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. முதல் பக்கத்தையாவது படி. பத்தொன்பது நாளாக உன் போனுக்கு அடித்துப் பார்க்கிறேன், மணியே அடிக்காமல் கட் ஆகிறது. பரீஹாவிடம் காட்டினேன். "வாப்பா, மாமி உங்கள பிளாக் பண்ணிட்டாங்க" என்று என் மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். ஐம்பத்து நாலு வயதில் உனக்கு இந்த வித்தையைச் சொல்லிக் கொடுத்தது யார்?

அதனால் உம்மாவின் சட்டத்துக்கு வந்துவிட்டேன். சின்ன வயதில் நாம் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தினால் உம்மா என்ன சொல்லும்? "பேசாட்டாப் போங்க, எழுதியாவது குடுங்க. மனசுல வெச்சிக்கிட்டு என் வீட்டுல சோறு திங்கக் கூடாது." காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி அரிசி டின்னுக்கு அடியில் வைப்போம். நீ நாலு தாள் நிறைய என்னைத் திட்டியிருப்பாய். நான் 'ராத்தா ஒரு குரங்கு' என்று ஒரே வரி எழுதியிருப்பேன். இப்போது பார், நான்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறேன்.

கடிதத்தில் ஒரு வசதியும் இருக்கிறது. நான் கட்டிய மெஹராஜ் படித்தது உருது ஸ்கூல். பரீஹா படித்தது இங்கிலீஷ். இந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். முனிசிபல் தமிழ் ஸ்கூலில் நமக்கு அடி விழுந்தது வீண் போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நமக்கு வெள்ளிதானே லீவு, அன்று கார்கானாவில் தோல் வேலை முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நீ இடியாப்ப டப்பாவோடு ஏணியில் ஏறி, தோல் அடுக்கும் பரணான மாலாவுக்கு வருவாய் என்று நான் நினைக்கவில்லை. வேலைக்காரர்கள் நாலு பேர் முன்னால் நீ கத்தியதும் எனக்கு முகம் செத்துவிட்டது. அந்த ஆத்திரத்தில்தான் அப்படிச் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதைத் திரும்ப எழுதக் கை வரவில்லை. உனக்கும் மறந்திருக்காது.

நீ கொடுத்தது நன்றாக இருக்கிறது. போன மாத டெஸ்டில் கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஒன்று. கிட்னி டாக்டர் சுப்புலக்ஷ்மி கைகொடுத்துப் பாராட்டினார். எனக்கு லேசாக ஜலதோஷம், வேறொன்றுமில்லை. இந்த மழைக்கு யாருக்குத்தான் இல்லை?

மச்சானுக்கு என் ஸலாம். பிளாக்கை எடு.

நசீர்


விக்ரோலி
14 ஆகஸ்ட் 2024

நசீருக்கு,

கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். உன் மச்சான் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, "வாசிச்சிட்டுக் கிழி, இந்த வீட்டுக்கு லெட்டர் வந்து பத்து வருசமாச்சு" என்றார். அவருக்காகப் படித்தேன்.

நீ சொன்னதைத் திரும்ப எழுதக் கை வரவில்லையாம். எனக்கு வரும். "குடுத்தத நாலு பேரு முன்னால சொல்லிக் காட்டுதியோ? வேணும்னா வெட்டி எடுத்துட்டுப் போ." இதுதான் நீ சொன்னது. நான் ஏணியின் மேல்படியில் நிற்கிறேன், கையில் டப்பா, உள்ளே நீ கேட்டாய் என்று செய்த தேங்காய்ப்பால். எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. சயான் ஸ்டேஷன் வரைக்கும் அழுதுகொண்டே நடந்தேன். ரயிலில் ஒரு மராட்டிக்காரப் பெண் எழுந்து எனக்கு சீட் கொடுத்தாள். என்னைப் பார்த்து, இவளுடைய அம்மா செத்துவிட்டாள் போல என்று அவள் நினைத்திருப்பாள்.

நான் சொல்லிக் காட்டினேனா? போன வருஷம் மே மாதம் ஆபரேஷன் முடிந்ததிலிருந்து ஒரு நாள், ஒரே ஒரு நாள், என் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்ததா? உன் மாமியார் வீட்டுக் கல்யாணத்தில் எல்லோரும் என்னைச் சுற்றி நின்று "தம்பிக்குக் கிட்னி குடுத்த ராத்தாவா?" என்று கேட்டபோது நான் பிரியாணிக்கு எழுந்து ஓடியவள். ஆனால் அன்றைக்குக் கத்தினேன். கத்தாமல் என்ன செய்வது? மாஸ்க் கழுத்தில் தொங்குகிறது, தோல் கட்டுக்கு மேல் முகத்தை வைத்து நீ பூஞ்சணத்தை ஊதிக்கொண்டிருக்கிறாய்! பூந்தொட்டிப் பக்கம் போகாதே, பச்சையாகக் காய்கறி தின்னாதே, கட்டடம் இடிக்கும் பக்கம் நிற்காதே என்று டாக்டர் லிஸ்ட் எழுதிக் கொடுத்து, அதை நான் உன் ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு வந்தேன். படிக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான் என்கிறாயே, படித்தாயா?

பிளாக்கை எடுக்க மாட்டேன். எடுத்தால் நீ போன் பண்ணி ஏதாவது சிரிப்பாகப் பேசி என்னை மயக்கிவிடுவாய், அதுதான் உனக்கு வேலை. எழுது. எழுத்தில் உனக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது.

ஜலதோஷம் என்று ஒரு வரியில் எழுதி நகர்ந்துவிட்டாய். எத்தனை நாளாக? காய்ச்சல் உண்டா? பதில் வர வேண்டும்.

சஃபீனா


தாராவி
20 ஆகஸ்ட் 2024, செவ்வாய்

ராத்தாவுக்கு,

லிஸ்டைப் படித்தேன். மனப்பாடமாகவே தெரியும். அதில் பூந்தொட்டி இருந்தது, உரம் இருந்தது, கட்டட இடிபாடு இருந்தது. தோலில் பிடிக்கும் பூஞ்சணம் இல்லை. டாக்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவனுக்கு எழுதிய லிஸ்ட் அது. நானும் கேட்கவில்லை. பூஞ்சணத்தை நாம் எப்போது வியாதி என்று நினைத்தோம்? நமக்கு அது மழைக்காலம், அவ்வளவுதான்.

ஜூன் மழை இரண்டு வாரம் பெய்ததும் மாலாவில் கறுப்புத் தோல் கட்டுகளின் மேல் வெள்ளையாகப் பூத்துவிடும். வாப்பா கீழே இருந்து சத்தம் கொடுப்பார்: "ஏளா சஃபீனா, ஏலே நசீரு, தோலு நரைச்சிட்டு, ஏறுங்க!" ஏறியதும் முதலில் விரலால் பெயர் எழுதுவோம். நீ உன் பெயரைப் பெரிதாக எழுதி, என் பெயரை ஓரத்தில் ஒட்டி எழுதுவாய். அப்புறம் போட்டி. ஒரு கை தூரத்தில் நின்று, ஒரே மூச்சு. யார் பெரிய வட்டத்தைச் சுத்தமாக்குகிறார்களோ அவர்களுக்குச் சமோசாவில் பெரியது. வாப்பா இஞ்ச் டேப் போட்டு அளப்பார். ஒரு தடவை நீ பதினாலு இஞ்ச் ஊதினாய். நான் ஒன்பதைத் தாண்டியதே இல்லை. "வயித்துல இருந்து இழு, உதட்ட நாணயம் மாதிரி குவி" என்று நீதான் சொல்லிக் கொடுத்தாய். முடிந்ததும் இரண்டு பேரும் இருபது முப்பது தும்மல் போடுவோம். உம்மா சுக்குக் காப்பியும் திட்டும் சேர்த்துத் தரும். மிச்சத்தை ஈரத்துணியால் துடைத்துக் காற்றாட விடுவோம். எத்தனை மழைக்காலம்! யாருக்கு என்ன ஆனது?

அந்த ஞாயிறு நான் சும்மா பார்க்கத்தான் ஏறினேன். சத்தியமாக. வேலைக்காரர்களில் மாரீஸ்வரன்தான் ஊதினான். நம் கார்கானாவில் இன்னும் அந்தப் போட்டி நடக்கிறது, நான்தான் ஆரம்பித்து வைத்திருக்கிறேன். அவன் பத்து இஞ்ச் ஊதிவிட்டு, "சேட், உங்க அக்கா சாம்பியன்னு சொல்லுவியளே, இத விடவா?" என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மாஸ்க்கை இறக்கினேன். "எங்க ராத்தா எப்படி ஊதும்னு பாருங்கலே" என்று மூன்று தடவை ஊதிக் காட்டினேன். மூன்றாவது தடவைதான் நீ ஏணியில் வந்து நின்றாய்.

இனி நீ கேட்டதற்குப் பதில். ஒளித்து வைத்துப் பிரயோஜனமில்லை. ஜலதோஷம் இல்லை. நீ வந்துபோன பத்தாம் நாள் காய்ச்சல் ஆரம்பித்தது. பெரிதாக ஒன்றுமில்லை, நூறு, நூற்றொன்று. கிட்னிக்காக இந்த மருந்து சாப்பிடுபவர்களுக்குக் காய்ச்சலே சரியாக ஏறாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் வறட்டு இருமல். மூச்சு இழுத்தால் வலது விலாவில் குத்துகிறது. முந்தாநாள் சளியில் சிவப்பாகக் கோடு.

உடம்புக்கு எது வந்தாலும் நான் முதலில் உன்னிடம்தானே சொல்வேன். மெஹராஜ் பயந்துவிடுவாள், பரீஹாவுக்குப் பரீட்சை. காய்ச்சல் வந்த அன்றைக்கும் அதைச் சொல்லத்தான் உனக்கு அடித்தேன். மறுநாளும் அடித்தேன். அதற்கப்புறம் அடிப்பது பழக்கமாகிவிட்டது. போன கடிதத்தில் எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன், உன் கோபம் ஆறட்டும் என்று ஜலதோஷம் ஆக்கிவிட்டேன். அது தப்பு.

நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். மெஹராஜிடம் இன்று சொல்லிவிட்டேன்.

நசீர்


ஆஸ்பத்திரி, கீழ்த்தளம்
23 ஆகஸ்ட் 2024, காலை 11 மணி

ஏலே நசீரு,

உன் கடிதம் நேற்று மத்தியானம் கிடைத்தது. அடுப்பை அணைத்தேனா என்றுகூடத் தெரியவில்லை, ஓடி வந்தேன். மேலே விட மாட்டேன் என்கிறார்கள். ஒரு வாரமாக எனக்கும் சளி, காய்ச்சல். வார்டு வாசலில் நர்ஸ் நெற்றியில் மிஷினை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆப் நஹீ ஜா சக்தே" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். "அவன் உடம்புக்குள்ள என் சாமான் கெடக்கு, என்ன விடமாட்டியா?" என்று தமிழில் கத்தினேன். அவளுக்குப் புரியவில்லை, நல்லவேளை.

பிளாக்கை எடுத்துவிட்டேன். எடுத்தவுடன் உனக்கு அடித்தேன். பரீஹா எடுத்தாள். வாப்பாவுக்கு ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள், பேசினால் இருமல் வந்து ரத்தம் வருகிறது, பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றாள்.

மூன்று வாரம். மூன்று வாரமாக நீ அடித்திருக்கிறாய். அந்த ஒன்றைத் தவிர வேறெதுவும் இப்போது என் தலையில் ஓடவில்லை.

பெஞ்சில்தான் இருக்கிறேன். தினமும் இருப்பேன். என்ன சொல்கிறார்கள் என்று எழுதி பரீஹாவிடம் கொடு. ஒன்றையும் ஜலதோஷம் ஆக்காதே.

ராத்தா


ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி
27 ஆகஸ்ட் 2024

ராத்தா,

ஒரு காலண்டர் தாளுக்கு மேல் எழுதினால் மூச்சு வாங்குகிறது. விட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருக்கும்.

ஸ்கேன் எடுத்தார்கள். மூக்கு வழியாக டியூப் விட்டு நுரையீரலுக்குள் தண்ணீர் பாய்ச்சி உறிஞ்சி டெஸ்டுக்கு அனுப்பினார்கள். நேற்று டாக்டர் சுப்புலக்ஷ்மி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அவர் பேசுகிற மாட்டுங்கா தமிழ் எனக்கு எப்போதும் பிடிக்கும், நேற்று மட்டும் பிடிக்கவில்லை.

"பாருங்கோ நசீர் பாய், இந்தப் பூஞ்சணத்தோட விதை காத்துல எல்லா எடத்துலயும் மிதக்கறது. இதோ, இந்த ரூம்லயும் இருக்கு. நான் இழுக்கறேன், உங்க பொண்ணு இழுக்கறா, ஒண்ணும் ஆகறதில்லை. உடம்புல இருக்கற காவல்காரா அதைப் பிடிச்சு முழுங்கிடுவா. உங்க உடம்பு அக்காவோட கிட்னியை அந்நியம்னு நெனச்சு விரட்டிடக் கூடாதே, அதுக்காக நாங்கதான் மாத்திரை குடுத்து அந்தக் காவல்காராளை அடக்கி வெச்சிருக்கோம். அவா அசந்த நேரத்துல விதை முளைச்சுடுத்து. இழை விட்டு ரத்தக் குழாய்க்குள்ளயே நுழையறது. அதான் ரத்தம் வரது."

ஊதியதால்தான் வந்ததா என்று எழுதிக் காட்டினேன். "சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது. இடிக்கற தூசியிலயும் இருக்கும், ஈரச் சுவத்துலயும் இருக்கும். ஆனா அத்தனை கிட்ட மொகத்தை வெச்சிண்டு ஊதி, திருப்பி மூச்சை இழுத்திருக்கேள். நான் வேற எடம் தேடப் போறதில்லை" என்றார். நீ நாலு வயதிலிருந்து ஊதினாய், உனக்கு ஒன்றும் ஆகவில்லை. நானும்தான். காவல்காரர்கள் விழித்திருந்த காலம் அது.

மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. அது ஏறும்போது டியூப் லைட்டைச் சுற்றி நீலமும் மஞ்சளுமாகத் தெரிகிறது. பயப்பட வேண்டாம், அந்த மருந்தே அப்படித்தானாம்.

இனி விஷயம். பூஞ்சண மருந்து மட்டும் போதாதாம். காவல்காரர்களை எழுப்ப வேண்டுமாம். அதற்கு, கிட்னியைக் காப்பாற்றும் மாத்திரைகளில் ஒன்றை அடியோடு நிறுத்த வேண்டும், மற்றதைக் குறைக்க வேண்டும். அப்படிச் செய்தால் எழுந்த காவல்காரர்கள் பூஞ்சணத்தோடு சேர்த்து உன் கிட்னியையும் அடிக்கக்கூடும். கிட்னி போய்விடலாம். செய்யாவிட்டால் பூஞ்சணம் ரத்தத்தோடு மூளைக்குப் போகலாம்.

மெஹராஜுக்கும் பரீஹாவுக்கும் பூஞ்சணம் என்பது வரைதான் தெரியும். நான் இரண்டு நாள் டைம் கேட்டிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை. போட மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

இது நீ என்னிடம் ஒப்படைத்த அமானிதம், ராத்தா. ஆபரேஷனுக்கு முந்தின நாள் நாம் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் பச்சைக் கவுன் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே. நீ என் கவுனைப் பார்த்து, உன்னைப் பார்த்து, "ரெண்டு பேரும் சுன்னத் கல்யாணத்துக்கு நிக்கிற மாதிரி இருக்கோம்" என்று சிரித்தாய். நர்ஸ் அதட்டியும் நிற்கவில்லை. அதுபோல் நாம் சிரித்து எத்தனை வருஷம் ஆகியிருந்தது! எனக்கு நோய் வந்தபின் கிடைத்த நல்ல நாள் அதுதான். அன்றைக்கு உன்னிடம் வாங்கியதை ஒரு விளையாட்டில் இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, இனி அதைப் பட்டினி போட்டுக் கொல்லவும் கையெழுத்துப் போடு என்றால் எப்படிப் போடுவேன்? பெரிய மருந்து இது, அது தனியாகவே பூஞ்சணத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். அல்லாஹ் இருக்கிறான்.

நான் சொன்ன அந்தச் சொல்லுக்கு மாப்பு கேட்கிறேன். வெட்டி எடுத்துட்டுப் போ என்றேனே, அதற்கு.

நசீர்


ஆஸ்பத்திரி, கீழ்த்தளம்
27 ஆகஸ்ட் 2024, சாயங்காலம்

நசீரு,

படித்துவிட்டேன். இரண்டு தடவை. பரீஹா எதிரில் நின்று என் முகத்தையே பார்க்கிறாள், "க்யா லிக்கா ஹை, மாமி?" என்கிறாள். உம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறான் என்று பொய் சொன்னேன்.

முதலில் நான் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இத்தனை நாள் எழுதாமல் விட்டது. அன்றைக்கு ஏணியில் நின்று உன்னைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. முதலில் வந்தது சந்தோஷம். டயாலிசிஸில் கரிக்கட்டையாகக் கறுத்து, மூட்டை தூக்கினவன் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டிருந்த என் தம்பி, கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதுகிறான், வேலைக்காரர்கள் கைதட்டுகிறார்கள்! வாப்பா பக்கத்தில் இஞ்ச் டேப்போடு நிற்பது போலவே இருந்தது. எனக்கும் ஊத வேண்டும் போல இருந்தது, நசீரு. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு உன் பக்கத்தில் வந்து நிற்கவே கால் எடுத்தேன். அப்புறம்தான் உன் கழுத்தில் தொங்கின மாஸ்க் கண்ணில் பட்டது. என்மேல் வந்த ஆத்திரத்தைத்தான் உன்மேல் கொட்டினேன். "வயித்துல இருந்து இழு" என்று சொல்லிக் கொடுத்தவள் நான்.

நீ மாப்பு கேட்கிறாய். என் மாப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது? காய்ச்சல் வந்த அன்றைக்கு உன் போன் என்னிடம் வந்திருந்தால் அன்று சாயங்காலமே உன் சட்டைக் காலரைப் பிடித்து இங்கே இழுத்து வந்திருப்பேன். மூன்று வாரம் அது உனக்குள் வேர்விட நான் வழிவிட்டேன். இதை உன் மச்சானிடம் சொன்னேன். அவர் என் தலையில் கையை வைத்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

சரி. அழுதது போதும். இனி நீ நான் சொல்வதைக் கேள்.

அமானிதமாம், அமானிதம்! மார்க்கம் படித்த பெரிய ஆலிம் மாதிரி எழுதிவிட்டாய். அமானிதம் என்றால் பிற்பாடு திருப்பி வாங்கிக்கொள்வதற்காகக் கொடுத்து வைப்பது. நான் என்றைக்காவது திருப்பிக் கேட்பேனா? கேட்டால் நீ தருவாயா? எந்த டாக்டர் பிடுங்கித் தருவான்? நான் உனக்குக் கொடுத்தது ஹதியா, அன்பளிப்பு. கொடுத்த நிமிஷமே அது என்னுடையது இல்லை. உன்னுடையது. அது கெட்டுப் போனாலும் உன்னுடையதுதான் கெட்டுப் போகிறது, நான் வந்து ஏன் என்று கேட்க முடியாது.

ஆனால் நீ இருக்கிறாயே, நீ என்னுடையவன். மூன்று வயதில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு சயான் மார்க்கெட்டுக்குப் போனவள் நான். உன்னைத் தொலைக்க உனக்கு உரிமை கிடையாது.

ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா, யோசித்துத்தான் தருகிறீர்களா என்று கேட்டார். சட்டமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. "யோசிக்க என்ன இருக்கு டாக்டர்? அவன் இருக்கணும்" என்றேன். அதையே அவர் இங்கிலீஷில் எழுதிக்கொண்டார். அவன் இருக்கணும். கிட்னி இருக்கணும் என்று நான் சொல்லவில்லை. ஆபரேஷன் தேவையில்லாமலே நீ இருந்திருப்பாய் என்றால் கொடுத்திருக்கவே மாட்டேன், நானென்ன பைத்தியமா?

நீ அந்தக் கிட்னியைக் காப்பாற்ற வேண்டும் என்று செத்துப்போனால் அதையும் உன்னோடு சேர்த்துத்தான் புதைப்பார்கள். அப்போது எனக்குக் கிட்னியும் இல்லை, தம்பியும் இல்லை. இது என்ன புத்தி?

டயாலிசிஸ் மறுபடி வரும். வரட்டும். உனக்கு அது தெரியாத இடமா? தண்ணீரை அளந்து குடிப்பாய், பழத்தைக் கண்ணால் மட்டும் பார்ப்பாய், வாரத்துக்கு மூன்று நாள் மிஷினில் படுத்துக்கொண்டு போன் பண்ணி என் உயிரை எடுப்பாய். எடு. நான் எடுப்பேன் அந்தப் போனை, ஒவ்வொரு தடவையும்.

நாளைக்குக் காலை பத்து மணி வரை உனக்கு நேரம். கையெழுத்துப் போட்டேன் என்று பரீஹாவிடம் தலையாட்டு, அவள் கீழே வந்து என்னிடம் தலையாட்டட்டும். பத்து மணிக்குத் தலையாட்டல் வராவிட்டால் உன் கடிதத்தை அவளுக்கும் மெஹராஜுக்கும் ஒவ்வொரு எழுத்தாக ஹிந்தியில் படித்துக் காட்டுவேன். வார்டு வாசலில் நின்று படிப்பேன். என் தொண்டை உனக்குத் தெரியும்.

போடுலே கையெழுத்த.

ராத்தா


தாராவி
3 டிசம்பர் 2024, செவ்வாய்

சஃபீனா ராத்தாவுக்கு ஸலாம்.

நேற்றும் வந்துவிட்டுப் போனாய், நாளைக்கும் வருவாய், அப்புறம் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். வாய்விட்டுச் சொல்ல முடியாததைச் சொல்லத்தான்.

நேற்று நீ போனபின் டாக்டர் சுப்புலக்ஷ்மி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டார். ஸ்கேனில் நுரையீரலில் இருந்த புண் நன்றாகச் சுருங்கி ஆறியிருக்கிறதாம். முன்னால் எலுமிச்சம்பழம் அளவு இருந்தது இப்போது ஒரு தழும்பு. மருந்து இன்னும் சில மாதம் சாப்பிட வேண்டும். வெயிலில் போகக் கூடாது, தோல் கருகுமாம். கார்கானாவுக்கு நான் வாசலோடு சரி. மாரீஸ்வரன் மாலா முழுக்கச் சுத்தம் பண்ணி ஜன்னலில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டியிருக்கிறான், எல்லோரும் முழு முகத்தையும் மூடுகிற மாஸ்க் போட்டு ஈரத்துணியால் மட்டும் துடைக்கிறார்கள். ஊதும் போட்டி நின்றுவிட்டது. பதினாலு இஞ்ச் ரெகார்டை இனி யாரும் உடைக்கப் போவதில்லை, நீ நிம்மதியாக இரு.

அடுத்ததைச் சொல்கிறேன். உனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைக்கிறேன், போன வாரம் என் கால் வீங்கியிருந்ததை நீ பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினாய். நீ மிரட்டிப் போடவைத்த கையெழுத்துதான் என்னைக் காப்பாற்றியது, ஆனால் கிட்னி நின்றுவிட்டது. இனி திரும்பாது என்று டாக்டர் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். வியாழக்கிழமையிலிருந்து மறுபடி மிஷின். கையில் டயாலிசிஸுக்காகப் போட்ட பழைய நரம்புப் பின்னல் இன்னும் உயிரோடு இருக்கிறது, காதருகில் வைத்தால் அதே இரைச்சல்.

நான் அழுதேன், ராத்தா. மிஷினுக்காக இல்லை. பதினெட்டு மாதம் நான் காலையில் பாத்ரூமில் நிற்கும்போதெல்லாம் உன்னை நினைப்பேன். இதைச் சொன்னால் நீ அடிப்பாய், ஆனால் உண்மை அதுதான். ஒரு மனுஷன் ஒன்றுக்குப் போவதற்காக அல்லாஹ்வுக்கும் அக்காவுக்கும் சேர்த்து நன்றி சொன்ன பதினெட்டு மாதம். இனி அந்த வேளையில் என்ன செய்வதென்று தெரியவில்லை.

வேலை செய்யாத கிட்னியை வெளியே எடுப்பீர்களா என்று கேட்டேன். எடுக்க வேண்டியதில்லையாம். தொந்தரவு தராத வரைக்கும் அப்படியே உள்ளே விட்டுவிடுவார்களாம். "அது பாட்டுக்கு அங்கயே இருக்கட்டும்" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் பயந்துபோய்ப் பார்த்தார். அவரிடம் விளக்கிச் சொல்ல முடியவில்லை, உனக்கு எழுதுகிறேன். உன் கிட்னி உன்னைப் போலவே இருக்கிறது. கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்திவிட்டது, ஆனால் என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

நசீர்